டீச்சரின் கை எட்டும் உயரம்

அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், நெடுஞ்சாலையோரம் என் பட்டறை. தெற்கே போனால் உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை, அதற்கப்புறம் தமிழ்நாடு. வாசலில் கேஎல் 20 நெய்யாற்றின்கரை வண்டியும் கேஎல் 19 பாறசாலை வண்டியும் டிஎன் 75 மார்த்தாண்டம் வண்டியும் அடுத்தடுத்து நிற்கும். பட்டறைக்குள் மலையாளமும் தமிழும் கலந்து ஓடும். லாரிக்கும் பிக்கப்புக்கும் பாடி கட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு. அப்பா செய்த தொழில்; முப்பது வருடமாக நான் செய்கிறேன்.

கால் இயங்காதவர்களுக்கு வண்டி மாற்றிக் கொடுக்கும் வேலை சைடு வீல் ஸ்கூட்டரில் ஆரம்பித்தது. அதில் எனக்கு நேர்ந்த ஒரு தவறை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் டீச்சரின் வண்டியைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது.

தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போன ஒரு பையன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தென்னையும் பலாவும் நிற்பதால் இப்படி விழுந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அவனுக்கு ஸ்கூட்டரில் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து, கால் வைக்கும் பலகையை அகலப்படுத்தி, கால் நழுவாமலிருக்கப் பட்டையும் போட்டுக் கொடுத்தேன். வெல்டிங் சுத்தமாக இருந்தது, பெயிண்ட் பளபளத்தது. இரண்டு வாரம் கழித்து அவன் மனைவி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, ஓரம் கறுத்துப் போயிருந்தது. பலகையைத் தாங்க நான் போட்ட இரும்புக் கிளாம்ப் சைலன்சரைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சூடு அதன் வழியாகப் பலகைக்கு ஏறியிருக்கிறது. அவனுக்கு உணர்வு இல்லாததால் தெரியவில்லை. காற்சட்டையைக் கழற்றும்போது துணி தோலோடு வந்ததைப் பார்த்துத்தான் அவள் அலறியிருக்கிறாள். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. அவர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு எந்த வண்டியையும் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, அவர்கள் உடம்பு படுகிற ஒவ்வொரு இடத்திலும் என் வெறுங்கையை வைத்துப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விளிம்புகளைத் தடவுவேன். கை எங்கே கூசுகிறதோ அங்கே அரம் போடுவேன்.

டீச்சர் வந்தது 2023 ஜனவரியில். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். காலிப்பர் பூட்டி, கட்டை ஊன்றி, முப்பத்து மூன்று வருடம் வகுப்புக்குப் போனவர். ஐம்பதைத் தாண்டியதும் அந்த நோய் வேறு உருவத்தில் திரும்ப வந்தது. இத்தனை நாள் காலுக்கும் சேர்த்து உழைத்த தோளும் கையும் தளர ஆரம்பித்தன. போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து இப்படி ஆவது உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு இயற்கையான போலியோ கிருமி தாக்கியது 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. அதோடு கதை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அதற்கு முன்பே கால் போனவர்கள் நம்மோடு வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

டீச்சரின் அண்ணன் மகன் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். தாழ்ந்த கூரை. பின்னால் வீல்சேரில் டீச்சர், பக்கத்தில் அவரைத் தூக்கி இறக்கும் அண்ணன் மகள். டீச்சர் மடியில் நாற்பது பக்க நோட்டு.

“மக்களே, இதுல படுக்க, குளிக்க, கழிப்பெடம் எல்லாம் வேணும். மேல கூர பொங்கணும். நின்னா தாழணும்” என்றார்.

கூரை தூக்கும் வண்டிகளைப் படத்தில் பார்த்திருந்தேன். 1950, 60களில் ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி ஃபோக்ஸ்வேகன் வேனை வீடாக்கியபோதும், இங்கிலாந்தில் டோர்மொபைல் என்ற வேன் வந்தபோதும் இந்த ஏற்பாடு பிரபலமாயிற்று. ஓடும்போது தாழ்ந்திருக்கும், நிறுத்தியதும் கூரை ஒரு பக்கமோ நான்கு பக்கமோ எழும்பும், நடுவில் கேன்வாஸ் சுவர். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். கேரளத்தில் 2021இல் சுற்றுலாத் துறை கேரவன் திட்டம் அறிவித்த பிறகு இந்த மாதிரி வண்டி பற்றி விசாரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நிற்க முடியாத ஒருவருக்கு நிற்பதற்கான கூரை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேவிட்டேன்.

“எனக்குப் பொக்கம் வேண்டாம், நான் நிக்கப் போறதில்ல. இவளுக்கு வேணும்” என்று அண்ணன் மகளைக் காட்டினார். “குனிஞ்சு குனிஞ்சு என்னத் தூக்கி இவளுக்க இடுப்பு போச்சு. எனக்குக் காத்து வேணும். பெறவு, வீட்டுப் போர்ச்சு எட்டடி. பொங்கின வண்டி அதுல கேறாது.”

சில வாக்கியங்களில் என் வேலை முழுவதையும் சொல்லிவிட்டார். தூக்குபவள் நிமிர்ந்து தூக்கினால்தான் தூக்கப்படுபவரும் விழாமல் இருப்பார். ஊனமுற்றவருக்கு வண்டி மாற்றும்போது எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த இன்னொரு உடம்பை.

பிறகு நோட்டைத் திறந்தார். நான் அளவுகளை எதிர்பார்த்தேன். அதில் இருந்தவை இடங்கள்: ராமேஸ்வரம், அரிச்சல்முனை, குற்றாலம், தஞ்சாவூர், சென்னை மெரினா. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். இரண்டு வாரத்திலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியதையும் பார்த்திருக்கிறார். “சரிபண்ணிருவாங்க. ஆனா அந்தப் பாதை வர நான் எப்படிப் போவேன்?” என்றார். அறுபத்து மூன்று வயது வரை அவர் ஒரு இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. கழிப்பறைதான் காரணம். எந்த லாட்ஜிலும் கழிப்பறைக் கதவு இரண்டடி. வீல்சேர் இருபத்தைந்து அங்குலம். கல்யாணம், துக்கம் என்று வெளியே போகிற நாளில் விடியற்காலை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். திரும்பி வீடு சேரும்வரை நாக்கை நனைக்க மாட்டார். அதனால் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அண்ணன் மகன் எழுந்து வெளியே போய்விட்டான். டீச்சர் குரல் தாழ்த்தாமல் என்னிடம் சொன்னார், வேலை செய்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அன்று வண்டியை அளக்கவில்லை. டீச்சரை அளந்தேன். பட்டறையின் சுண்ணாம்புச் சுவர் ஓரமாக நாற்காலியை நிறுத்தி, கையில் ஒரு கரித்துண்டைக் கொடுத்து, வலிக்காமல் எட்டுகிற தூரம் வரை சுவரில் கோடு போடச் சொன்னேன். வலது கை ஒரு வளைவு போட்டது. தரையிலிருந்து நாற்பத்திரண்டு அங்குலத்தில் அது முடிந்தது. இடது கை முப்பத்தாறுக்கு மேல் ஏறவில்லை. அந்த இரண்டு வளைவுகளுக்குள்தான் ஸ்விட்ச், குழாய், தாழ்ப்பாள், பிடி, விளக்கு எல்லாம் வர வேண்டும். சுவருக்கு வெள்ளை அடிக்கும்போதும் அந்த இடத்தை விட்டுத்தான் அடிக்கிறோம்.

வேலை தொடங்கும் முன் அவரோடு ஆய்க்குடிக்குப் போனோம். தென்காசிக்குப் பக்கத்தில் அமர் சேவா சங்கம் இருக்கும் ஊர். 1975இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய நிறுவனம். அந்த வளாகத்தில் வீல்சேர்கள் யாரையும் கேட்காமல் இங்கிருந்து அங்கு போய்க்கொண்டிருந்தன. படியில்லை, வாசல் எல்லாம் அகலம். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஒரு வழவழப்பான பலகை வழியாக நகர்ந்து போவதை அங்கேதான் நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே உயரம். அதுதான் முழு ரகசியம். அரை அங்குலம் ஏறுமுகமாக இருந்தால்கூட தளர்ந்த தோள் அதை மலையாக உணரும். டீச்சர் குஷனில் அமர்ந்தால் தரையிலிருந்து பத்தொன்பது அங்குலம். வண்டிக் கட்டிலின் நுரை மெத்தை அவர் எடைக்கு ஒன்றரை அங்குலம் அமுங்கியது. ஆகவே மெத்தையின் மேல்பரப்பு இருபதரை. கழிப்பறை இருக்கையும் பத்தொன்பது.

வண்டித் தரை சாலையிலிருந்து இருபத்தாறு அங்குலம். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. அப்படிப் போட்டால் இருபத்தாறு அடி நீளப் பலகை வேண்டும், வண்டியைவிட நீளம். பலர் ஆறடிப் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து, பின்னால் இருவர் தள்ளி ஏற்றுவார்கள். டீச்சர் அதற்கு ஒப்பவில்லை. “சாக்கு மூட்டைய ஏத்துகமாதிரி என்னக் கேத்தாண்டாம்.” பின்கதவில் சிறிய ஹைட்ராலிக் மேடை கட்டினோம். நான்கு கை, ஒரு சிலிண்டர், 12 வோல்ட் பம்பு. பேட்டரி செத்தால் இறக்க ஒரு வால்வு, ஏற்ற ஒரு கைப்பம்பு. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஆறு ஏற்றி இரவு முழுக்க மேலே நிறுத்தி வைத்தோம். காலையில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகுதான் நான் ஏறினேன். டீச்சர் அதற்கடுத்த வாரம்.

சட்டம் பற்றி ஒரு சொல். வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டப்படி மாற்ற முடியாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டமாகச் சொன்னது. ஆனால் அதே வருடம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்காக மாற்றிய வண்டிக்குத் தனி வழி வைத்தது. பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், விதித்த நிபந்தனைகளுக்குள் இருக்க வேண்டும். 52ஆம் பிரிவை டீச்சர் என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தார். வரைபடத்தை முதலில் காட்டி, பேசி, பிறகுதான் கூரையில் கிரைண்டரை வைத்தேன்.

கூரையை வெட்டுகிற நிமிடம் இன்றும் நினைவிருக்கிறது. டிராவலரின் கூரையைத் தாங்குவது குறுக்கே போகும் வளைவுச் சட்டங்கள். மூன்றை அறுத்தால்தான் டீச்சரின் கட்டிலுக்கு மேல் திறப்பு கிடைக்கும். அறுத்தால் வண்டி அட்டைப் பெட்டி மாதிரி முறுகும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே உள்ளே ஐம்பதுக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் பாக்ஸ் டியூபில் ஒரு வளையம் கட்டி, அதைப் பக்கத் தூண்களோடு பிணைத்தோம். அதற்கப்புறம்தான் அறுப்பு.

மூடியை நான் செய்யவில்லை. ஃபைபர் வேலை கடற்கரைக்காரர்களுக்குத்தான் வரும். நெய்யாறு கடலில் சேரும் பூவாரில் மீன்பிடிப் படகு செய்யும் இருவர் வந்து, அச்சு கட்டி, மேட் விரித்து, ரெசினை ரோலரால் இழுத்தார்கள். ஜூன் மாதம். ஈரக்காற்றில் ரெசின் இறுகாமல் பசையாகவே நிற்கும். நாங்கள் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, உள்ளே பெரிய பல்பு எரித்தோம். “அலையத் தாங்குகது மழையத் தாங்காதா?” என்று மூத்தவர் அச்சைத் தட்டிச் சொன்னார். மூடி ஐம்பத்தெட்டு கிலோ வந்தது.

கேன்வாஸைப் பந்தல் துணி தைக்கும் ஒருவர் தைத்தார். பாலியஸ்டர் நூல் கேட்டேன். அவர் மறுத்துப் பருத்தி சுற்றிய நூல் போட்டார். நனைந்தால் பருத்தி ஊதி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும் என்றார். அடுத்த மழைக்கே அவர் சொன்னது நிரூபணமாயிற்று. மூன்று பக்கமும் கொசுவலை ஜன்னல். சூடான காற்று மேலே போய் அந்த வலை வழியாக வெளியேறும். கீழ்க் கதவு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். டீச்சர் கேட்ட காற்று அதுதான்.

இனி தூக்கும் ஏற்பாடு. வழக்கமாக இந்தக் கூரையை எழுந்து நின்று இரண்டு கையாலும் தள்ளுவார்கள். அதை டீச்சரே, படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ செய்ய வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். வேறொருவர் வந்து தூக்கிவிட்டால்தான் காற்று என்றால் அது அவர் வண்டியாகாது. எடையின் பெரும்பகுதியை டிக்கி ஷாக் நான்கு தாங்கும். மீதியை இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு மோட்டார் தள்ளும். கரண்டு போனாலும் திருகு அப்படியே நிற்கும், கூரை விழாது.

முதல் சோதனையில் டீச்சர் உள்ளே இருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் ஸ்விட்சை அழுத்தினார். இடது பக்கம் நான்கு அங்குலம் எழும்பியது, வலது அசையவில்லை. ஒயர் ஒன்று கழன்றிருந்தது. கீல் முறுகும் சத்தம், பிறகு கேன்வாஸ் கிழிகிற சத்தம். நான் கதவைத் தாண்டி உள்ளே பாய்வதற்குள் டீச்சர் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு மாடு பூட்டினா ஒரு நுகம் வேணும்லா” என்றார்.

அன்று இரவு தூங்கவில்லை. அவர் சொன்னதுதான் விடை. மோட்டார் இரண்டும் வேண்டாம், ஒன்றே போதும். குறுக்கே ஒரு தண்டு, அதன் இரு நுனியிலும் கை. தண்டு திரும்பினால் இரண்டு பக்கமும் எழும்பும். நின்றால் இரண்டும் நிற்கும். கூடவே, மோட்டார் கெட்டால் சுற்ற ஒரு கைப்பிடி, அதுவும் கரிக்கோட்டுக்குள். ஒருமுறையாவது தான் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்தார். பதினெட்டு நிமிடம், மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்கி. அண்ணன் மகள் உதவ வந்தபோது கையால் தடுத்தார். கூரை முழுக்க எழும்பியதும் வலை வழியாக வெளிச்சம் அவர் மடியில் விழுந்தது. யாரும் பேசவில்லை. கூரை திறந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு ஸ்விட்சும் வைத்தோம்.

செப்டம்பரில் வண்டி போயிற்று. ராமேஸ்வரம், அரிச்சல்முனை, திரும்பும் வழியில் குற்றாலம். அரிச்சல்முனையிலிருந்து ஒரு போன்: “மக்களே, இன்னைக்கு ரெண்டு லிட்டர் தண்ணி குடிச்சேன்.” அவ்வளவுதான் பேசினார்.

பதினாறாம் நாள் வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. அதே நோட்டு. இப்போது அதில் குறைகள், பென்சிலில், எண் போட்டு. குளியலறைப் பிடி இரண்டு அங்குலம் முன்னால் வர வேண்டும். குழாயை முழங்கையால் திருப்ப முடிகிறது, நல்லது. ஆனால் தண்ணீர் தெறிக்கிறது. இரவில் மேடையின் விளிம்பு தெரியவில்லை, வெள்ளைப் பட்டை ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்து முடித்தோம். பழைய திருகு ஓட்டைகளை அடைத்து, தடவிப் பார்த்து, அரம் போட்டு.

கடைசி எண்ணுக்கு எதிரே ‘கூரை ஸ்விட்ச்’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன குறை என்று கேட்டேன். டீச்சர் பதில் சொல்லாமல் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் தள்ளச் சொன்னார். கரித்துண்டை வாங்கி வலது கையை உயர்த்தினார். ஜனவரியில் போட்ட கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழே கை நின்றது.

ஸ்விட்சைக் கழற்றினேன். அதே இடத்தில் நாற்பத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு அங்குலம் வரை செங்குத்தாக ஒரு அலுமினியச் சேனல் பதித்து, அதில் மேலும் கீழும் நகர்த்திக் கையால் முறுக்கி நிறுத்துகிற மாதிரி ஸ்விட்சைப் பொருத்தினேன். ஒயரையும் அந்த நீளத்துக்குத் தொங்கலாக விட்டேன். டீச்சர் அதை நாற்பத்தொன்றில் நிறுத்தி, திருகை முறுக்கி, கூரையை ஒருமுறை ஏற்றி இறக்கினார். பிறகு அண்ணன் மகனிடம், அடுத்த மாதம் தஞ்சாவூர், வழியில் எங்கே டீசல் நிரப்புவது என்று கேட்டார்.